பி-இ 7 என்று காட்டும் காப்புரிமை நிறுவனம்: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை, ஒதுக்கி வைத்த பணம் 30,000 வெள்ளி. அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் எதையும் தயாரிப்பதில்லை. காப்புரிமைகளை வைத்துக்கொண்டு கைபேசி, டிவி தயாரிப்பாளர்களிடம் உரிமக் கட்டணம் வாங்குகிறது. லாப விளிம்பு 60 விழுக்காடு, பி-இ விகிதம் (சந்தை விலையை ஆண்டு லாபத்தால் வகுத்த எண்) 7க்கும் கீழே. உள்ளூர் சிப் பங்குகளோடு ஒப்பிட்டால் இது அடிமட்ட விலையாகத் தெரிகிறதே, வாங்கலாமா? இல்லை, வழக்கில் வென்ற செய்தி வந்ததும் வாங்கலாமா?

அந்த 7ஐ மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிறுவனம் நல்லதாகவும் இருக்கலாம், ஓட்டையாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை பி-இ விகிதம் சொல்லாது. காரணம், இந்தத் தொழிலில் ஒரு வருடக் கணக்கில் பல வருடப் பணம் கலந்து கிடக்கும்.

பணம் வரும் வழியைப் பாருங்கள். ஒரு கைபேசித் தயாரிப்பாளரின் உரிமம் முடிகிறது. புதிய கட்டணத்தைப் பேசி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், சில நேரம் வழக்கும் நடக்கும். அதுவரை அவர் கட்டணம் கட்டாமலேயே கைபேசி விற்றுக்கொண்டிருப்பார். கடைசியில் கையெழுத்தானதும், விற்று முடித்த கைபேசிகளுக்கான தொகை மொத்தமும் அந்த ஒரே காலாண்டின் வருமானத்தில் ஏறும். அறிக்கையில் இதை ‘பாஸ்ட் சேல்ஸ்’ அல்லது ‘கேட்ச்-அப்’ என்று எழுதியிருப்பார்கள். இனி ஒவ்வொரு காலாண்டும் வரப்போகும் தொகைக்கு ‘ரெக்கரிங்’ என்று பெயர். இந்த இரண்டையும் பிரிக்காமல் போட்ட எந்தக் கணக்கும் உங்களைத் தப்பான இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சந்தை மதிப்பு 60 கோடி டாலர். கடந்த ஆண்டு வருமானம் 20 கோடி. அதில் பழைய பாக்கி 11 கோடி, தொடர் வருமானம் 9 கோடி. செலவுப் பக்கம் வழக்கறிஞர்களுக்கு 2.5 கோடி, ஆராய்ச்சி மற்றும் நிர்வாகத்துக்கு 3.5 கோடி, வாங்கிய காப்புரிமைகளின் தேய்மானம் 2 கோடி; மொத்தம் 8 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 12 கோடி, விளிம்பு 60 விழுக்காடு. வரி 20 விழுக்காடு என்று வைத்தால் கையில் 9.6 கோடி. 60ஐ 9.6ஆல் வகுத்தால் பி-இ 6.25. உங்கள் திரையில் தெரிவது இந்த மாதிரி எண்தான்.

அடுத்த ஆண்டு புதிய சமரசம் எதுவும் இல்லை என்று வையுங்கள். வருமானம் 9 கோடி, செலவு அதே 8 கோடி, வரி போக லாபம் 80 லட்சம். பி-இ 75. நிறுவனத்தில் எதுவுமே கெடவில்லை, ஒரு வாடிக்கையாளரும் போகவில்லை, ஆனாலும் 6.25 என்பது 75 ஆகிவிட்டது. தேய்மானம் கையை விட்டுப் போகும் பணம் அல்ல என்பதால் அதைத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.8 கோடி வரும். அப்படிப் பார்த்தாலும் 21 மடங்கு. அதிலும் ஒரு எச்சரிக்கை: காலாவதியாகும் காப்புரிமைகளுக்குப் பதிலாகப் புதியவற்றைத் தொடர்ந்து விலைக்கு வாங்கும் நிறுவனத்துக்குத் தேய்மானம் உண்மையான செலவுதான். அங்கே அதைத் திரும்பக் கூட்டக் கூடாது.

உண்மையான உதாரணம் வேண்டுமானால், கைபேசிக் காப்புரிமைகளுக்கு உரிமம் கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான இன்டர்டிஜிட்டல். 2023ல் அதன் வருமானம் 54.96 கோடி டாலர், 2024ல் 86.85 கோடி. 58 விழுக்காடு வளர்ச்சி என்று படித்தால் அசந்துபோவோம். ஆனால் 2024 தொகையில் பெரும் பங்கு பழைய பாக்கி. சாம்சங்குடன் நடந்த நடுவர் தீர்ப்பிலும் இதே கதைதான். 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது: எட்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 105 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 13.1 கோடி. கணக்கு தொடங்குவதோ 2023 ஜனவரியில் இருந்து. அதுவரை குறைத்து எழுதி வந்த தொகைக்கும் புதிய தொகைக்கும் உள்ள இரண்டரை ஆண்டு வித்தியாசம் ஒரே காலாண்டில் வந்து விழுந்தது. அந்தக் காலாண்டை நான்கால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று நினைத்தவர் கணக்கு தப்பு. ஆண்டுக்கு 13.1 கோடி, 2030 இறுதி வரை என்று எடுத்துக்கொண்டவர் கணக்கு சரி.

ரொக்கமும் கணக்கும் ஒத்துப்போகாத இன்னொரு இடம் உண்டு. 2018 முதல் அமலில் இருக்கும் அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி, இன்று கையில் உள்ள காப்புரிமைகளுக்கு மட்டும் நிலையான தொகை பேசி உரிமம் கொடுத்தால், ஐந்து ஆண்டுத் தவணையில் வரவேண்டிய பணத்தையும் பெரும்பாலும் கையெழுத்தான அன்றே வருமானமாக எழுத வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் புதிதாகக் கிடைக்கும் காப்புரிமைகளுக்கும் சேர்த்து உரிமம் கொடுத்தால், தொகையை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவு என்ற ராயல்டி, விற்பனை நடக்க நடக்கக் கணக்கில் ஏறும். ஆகவே லாபத்தை மட்டும் பார்க்காமல், கடந்த மூன்று ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டி, அதே மூன்று ஆண்டு செயல்பாட்டு ரொக்க வரவோடு ஒப்பிடுங்கள். லாபம் 20 கோடி, ரொக்கம் 9 கோடி என்றால் மீதி எங்கே என்று ஐந்தொகையில் ‘கான்ட்ராக்ட் அசெட்ஸ்’, ‘அன்பில்ட் ரிசீவபிள்ஸ்’ (கணக்கில் ஏறி இன்னும் கைக்கு வராத பணம்) என்ற வரிகளில் தேடுங்கள். அது அங்கே இல்லையென்றால், அந்தப் பங்கை அதோடு விட்டுவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் கட்டண இணையதளம் தேவையில்லை. அமெரிக்கப் பங்கு ஆணையத்தின் எட்கர் தளம் இலவசம். நிறுவனத்தின் பெயரைப் போட்டு ‘10-கே’ என்ற ஆண்டறிக்கையைத் திறந்து, ‘பாஸ்ட் சேல்ஸ்’, ‘கேட்ச்-அப்’, ‘எக்ஸ்பயர்’, ‘10%’, ‘இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ’ என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கும் வாடிக்கையாளர் பற்றிய விவரம் அறிக்கையில் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் பெயரை எழுதாமல் ‘வாடிக்கையாளர் ஏ’ என்று மட்டும் எழுதும். இந்தத் தொழிலில் மூன்று பேரே பாதி வருமானத்தைத் தருவது சாதாரணம். அதனால் ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: யார், ஆண்டுக்கு எவ்வளவு, உரிமம் எப்போது முடிகிறது. இன்டர்டிஜிட்டல் என்றால் ஆப்பிள் 2029 செப்டம்பர், சாம்சங் கைபேசி 2030 டிசம்பர் என்று வரும். குவால்காம் என்றால் ஆப்பிள் உரிமம் 2027 மார்ச். உங்கள் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளரின் உரிமம் அடுத்த 18 மாதங்களுக்குள் முடிகிறது என்றால், அந்தத் தொடர் வருமானத்தைப் பாதியாக வைத்துத்தான் கணக்கு போட வேண்டும்.

இது மிகையான பயம் அல்ல. 2017ல் ஆப்பிளுக்கும் குவால்காமுக்கும் தகராறு வந்தபோது, ஐபோன் செய்து தரும் ஒப்பந்தத் தொழிற்சாலைகள் வழியாக வந்துகொண்டிருந்த ராயல்டியே நின்றுபோனது. குவால்காம் போன்ற மலைக்கே இந்தக் கதி. 2019 ஏப்ரல் 16 அன்று சமரசம் ஆனபோது பங்கு ஒரே நாளில் 23 விழுக்காடு ஏறியது. இரண்டு ஆண்டு வலியைத் தாங்க அதற்குச் சிப் வியாபாரம் இருந்தது. உரிமக் கட்டணம் ஒன்றையே நம்பும் சிறு நிறுவனத்துக்கு அந்த ஆதாரம் கிடையாது. பலரும் குழம்பும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025ல் ஆப்பிள் தன் சொந்த மோடத்தை (கைபேசியை வலையமைப்போடு இணைக்கும் சிப்) ஐபோன் 16இயில் வைத்தது. அதனால் குவால்காமின் சிப் விற்பனை குறையலாம்; காப்புரிமைக் கட்டணம் தானாக நின்றுவிடாது. சிப்பை யார் செய்தாலும், 4ஜி, 5ஜி தரத்தைப் பயன்படுத்தும் கருவிக்கு அந்தத் தரத்தில் உள்ள காப்புரிமைகளுக்கு உரிமம் தேவை.

அடுத்தது வயது. காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். நம் ஊரில் லீஸ்ஹோல்ட் வீடு வாங்கும்போது மீதி எத்தனை வருடம் என்று கேட்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. இங்கேயும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எல்டிஈ (4ஜி) சேவை முதன்முதலில் வணிகமாகத் தொடங்கியது 2009 டிசம்பரில். அப்படியென்றால் அதன் அடிப்படைக் காப்புரிமைகள் பல 2005க்கும் 2009க்கும் இடையில் விண்ணப்பித்தவை. அவை இப்போது வரிசையாக முடிந்துகொண்டிருக்கின்றன. 5ஜியின் முதல் தரம் 2018ல் முடிவானதால் அதன் காப்புரிமைகள் 2030களின் பின்பாதி வரை உயிரோடு இருக்கும். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். பழைய தலைமுறை இப்படி ஒவ்வொரு நாட்டிலும் மறையும்போது, அதை மட்டும் வைத்திருப்பவரின் பேரம் பேசும் பலம் கரைகிறது.

டால்பி இதை நன்றாகக் கையாண்ட நிறுவனம். அதன் ஏசி-3 ஒலி முறையின் கடைசிக் காப்புரிமைகள் 2017ல் முடிந்தன, ஆனாலும் வருமானம் விழவில்லை. அட்மாஸ், விஷன் என்று புதியவற்றை முன்கூட்டியே கொண்டுவந்திருந்தது. போதாததற்குப் பெட்டியின் மேல் அச்சடிக்கும் டால்பி என்ற வணிகப் பெயருக்குக் காலாவதி கிடையாது. நீங்கள் பார்க்கும் நிறுவனத்தில் ஆராய்ச்சிச் செலவு எவ்வளவு என்று பாருங்கள். ஆராய்ச்சி பூஜ்யம், வழக்குச் செலவு மட்டும் கொழுத்திருக்கிறது என்றால், அது உருகிக்கொண்டிருக்கும் சொத்து.

“எங்களிடம் இத்தனை ஆயிரம் காப்புரிமைகள்” என்ற எண்ணிக்கைக்கு அதிக மதிப்பு தராதீர்கள். தரத்துக்கு இன்றியமையாதவை என்று ஐரோப்பியத் தர அமைப்பான ஈட்ஸியிடம் நிறுவனங்கள் தாங்களே அறிவித்துக்கொள்கின்றன. ஈட்ஸி அதைச் சரிபார்ப்பதில்லை. எத்தனை பெரிய நிறுவனங்கள் வழக்கில்லாமல் கையெழுத்துப் போட்டன என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

வழக்கில் வென்ற செய்தி வந்ததும் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஜூரி சொல்லும் தொகை வங்கிக்கு வந்த பணம் அல்ல. விர்னெட்எக்ஸ் நிறுவனத்துக்கு 2020 அக்டோபரில் ஆப்பிள் 50.28 கோடி டாலர் தர வேண்டும் என்று டெக்சாஸ் ஜூரி தீர்ப்பளித்தது. அதே நேரத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மறு ஆய்வு வாரியம் அந்தக் காப்புரிமைகளே செல்லாது என்று சொல்லியிருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்று, தீர்ப்புத் தொகையை ரத்து செய்தது. 2024ல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஐம்பது கோடி, பூஜ்யம் ஆனது.

அந்த மறு ஆய்வுக்குத்தான் இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ என்று பெயர். 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வழக்கு போடப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். மனுவை ஏற்பதா என்பது ஆறு மாத அளவில் தெரியும். ஏற்றால் இறுதி முடிவு பொதுவாக அடுத்த 12 மாதத்தில். எனவே மனு கொடுத்த செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு தேதிகளை உங்கள் காலண்டரில் குறிக்க முடியும்: மனு ஏற்பு, இறுதி முடிவு. சிறு நிறுவனப் பங்குகள் இந்த இரண்டு நாட்களில்தான் பாதி விலைக்கு விழுவதும் இரட்டிப்பாவதும். ஜெயித்தாலும் வழக்கறிஞர்கள் வெற்றிப் பங்கு அடிப்படையில் வேலை செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அவர்களுக்குப் போகும். அதற்குப் பிறகு வரி.

நீதிமன்றங்களுக்குள்ளேயே கருத்து எவ்வளவு மாறும் என்பதற்கு இன்டர்டிஜிட்டல், லெனோவோ வழக்கு நல்ல பாடம். 2023ல் லண்டன் உயர் நீதிமன்றம் நியாயமான கட்டணம் வட்டி சேர்க்காமல் 13.87 கோடி டாலர் என்றது. 2024ல் மேல்முறையீட்டில் அது வட்டியோடு 24.01 கோடி ஆனது. அதே காப்புரிமைகள், அதே கைபேசிகள். நீதிபதிகளே இவ்வளவு வேறுபடும் இடத்தில், தீர்ப்பு இப்படித்தான் வரும் என்று நாம் பந்தயம் கட்டுவது முதலீடு ஆகாது.

இனி விலை. தொடர் வருமானத்தில் வரும் ரொக்கத்தை மட்டும் எடுங்கள், காப்புரிமைகளின் மீதி ஆயுளுக்கு மட்டும் எடுங்கள். மேலே சொன்ன கற்பனை நிறுவனத்தில் ஆண்டுக்கு 2.8 கோடி, எட்டு ஆண்டு என்று வைப்போம். தள்ளுபடி விகிதம், அதாவது எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விழுக்காடு, எவ்வளவு? ஈபிஎஃப் (ஊழியர் சேம நிதி) 2024க்கு 6.3 விழுக்காடு கொடுத்தது, தலைவலி எதுவும் இல்லாமல். இவ்வளவு ஆபத்துக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 12 விழுக்காடாவது கேட்க வேண்டும். 12 விழுக்காட்டில் எட்டு ஆண்டுக்கான பெருக்கு எண் 4.97, இன்றைய மதிப்பு சுமார் 13.9 கோடி. வங்கியில் கடன் போக 15 கோடி ரொக்கம் இருந்தால் மொத்தம் 28.9 கோடி. சந்தை விலை 60 கோடி. மீதி 31 கோடி, உரிமங்கள் புதுப்பிக்கப்படும், புதிய வழக்குகள் வெல்லும் என்ற எதிர்பார்ப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அந்த எதிர்பார்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

உள்ளூர் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். இனாரி, விட்ராக்ஸ், பென்டாமாஸ்டர் போன்றவை பொருள் செய்து, சோதித்து, இயந்திரம் விற்றுச் சம்பாதிப்பவை. அவற்றின் பி-இயை இதோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சிப் வடிவமைப்புகளை உரிமம் கொடுக்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ஆர்மும் வேறு வகை. 2025 மார்ச்சில் மலேசிய அரசு பத்து ஆண்டுகளில் 25 கோடி டாலர் தருவதாக ஆர்மோடு ஒப்பந்தம் செய்ததே, அது சிப் வடிவமைப்புகளையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்கு. அங்கே வாடிக்கையாளர் தேவைப்பட்டுத் தானே தேடி வருகிறார். வெறும் காப்புரிமை நிறுவனத்திலோ வாடிக்கையாளரைத் தேடிப்போய், பல நேரம் நீதிமன்றத்தில் நிறுத்தி வாங்க வேண்டியிருக்கிறது. வழக்குச் செலவு அங்கே என்றும் தீராது.

நம் பக்கத்து விஷயங்களுக்கு வருகிறேன். அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் இல்லை. அதனால் டிவிடெண்டில் 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். 100 டாலர் அறிவித்தால் 70 வரும். தரகர் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவத்தில் (அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் வரிப் படிவம்) ஒப்பந்தச் சலுகை கேட்கும் பகுதியைக் காலியாக விடுங்கள், ஆனால் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். இல்லாவிட்டால் பங்கு விற்ற தொகையிலும் 24 விழுக்காடு பிடிக்கும் நிலை வரலாம். படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் இறுதி வரை செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த 30 விழுக்காட்டினால்தான், இரண்டு நிறுவனங்கள் மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால், டிவிடெண்ட் கொடுப்பதைவிடத் தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது நமக்கு லாபம். மலேசியத் தரப்பில், வெளிநாட்டு வருமானத்துக்குத் தனிநபர்களுக்கு 2036 இறுதி வரை நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. பட்டியலிட்ட பங்கை விற்ற லாபத்துக்குத் தனிநபர் மூலதன ஆதாய வரி கட்டுவதில்லை. தினசரி வாங்கி விற்றால் மட்டும் அதை வியாபாரமாகப் பார்க்க இடமுண்டு.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது அமெரிக்க மரபுரிமை வரி. அமெரிக்கக் குடிமகனோ குடியிருப்பவரோ அல்லாத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 40 விழுக்காடு வரை வரி வரும். டாலர் 4.20 வெள்ளி என்றால் அந்த வரம்பு 252,000 வெள்ளி. உங்கள் 30,000க்கு இன்று பொருந்தாது. ஆனால் பத்து வருடத்தில் அமெரிக்கப் பங்குகள் சேர்ந்துகொண்டே போனால் பொருந்தும். கணக்கு எங்கே இருக்கிறது என்பதை மனைவி, பிள்ளைகளுக்கு எழுதி வையுங்கள்.

நாணயத்தையும் கணக்கில் சேருங்கள். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளி வரை போனது, செப்டம்பர் இறுதியில் 4.12க்கு அருகில் வந்தது. பங்கு அசையாமல் இருந்தாலும் ஏழே மாதத்தில் 14 விழுக்காடு போயிருக்கும். தரகர் மலேசியப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் பெற்றவரா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் போடுங்கள். ‘வழக்கு ஜெயிக்கப் போகிறது’ என்று டெலிகிராமில் வரும் குறிப்புகளை அங்கேயே அழித்துவிடுங்கள்; விற்பனை அளவு குறைந்த சிறு காப்புரிமைப் பங்குகள் விலையை ஏற்றி இறக்க வசதியானவை.

30,000ஐ இப்படிப் பிரிப்பேன். இந்த வகைப் பங்குக்கு மொத்த முதலீட்டில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாது. இந்த 30,000தான் உங்கள் முழுச் சேமிப்பு என்றால் 1,500 வெள்ளி மட்டும். ஈபிஎஃப், வேறு முதலீடுகளோடு சேர்த்து 200,000 இருந்தால் 10,000 வரை போகலாம். அதையும் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு அறிக்கை வந்த பிறகு ஒரு பகுதி. அறிக்கை வந்த இரவிலேயே வாங்க வேண்டாம். சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 9.30க்கும் குளிர்காலத்தில் 10.30க்கும் திறக்கும்போது முதல் அரை மணி நேர விலை தாறுமாறாக ஓடும். லிமிட் ஆர்டர் (நீங்கள் குறிக்கும் விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்) மட்டும் போடுங்கள். தொடர் வருமானம் இரண்டு காலாண்டு தொடர்ந்து குறைந்தாலோ, பெரிய வாடிக்கையாளர் உரிமம் முடிந்து ஆறு மாதமாகியும் புதுப்பிக்காவிட்டாலோ, நிறுவனம் வழக்குச் செலவுக்காகப் புதுப் பங்கு வெளியிட்டாலோ, மீதிப் பகுதிகளை வாங்குவதை நிறுத்திவிட்டு, கையில் இருப்பதையும் விற்றுவிடுங்கள்.